மண் மெத்தென்று இருக்கும் இடம்

எங்கே நுழைந்தாலும் அந்த அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இதுக்கு இன்னொரு வாசல் எங்கம்மா இருக்குது?"

கலியாண மண்டபமோ ஆஸ்பத்திரியோ, அது தெரிந்த பிறகுதான் உட்காருவாராம். பஸ்ஸில்கூட இரண்டு படிக்கட்டுக்கும் நடுவில்தான் இடம் பிடிப்பாராம். அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். என்னிடம் முதல் முறை கேட்டபோது கழிப்பறையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து இடது பக்கம் கை காட்டினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க ஜன்னல்கூட இல்லியேம்மா" என்றார்.

சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் ஒரு சிறிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். டிக்கெட் கிழிப்பது, கண்ணாடி துடைப்பது, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வந்தால் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்வது எல்லாம் நான்தான். பாலாற்றுப் படுகையிலும் இந்தப் பக்கத்து ஏரிகளிலும் புதர்க்காடுகளிலும் வாழும் உயிர்களுக்காகவே ஏற்பட்ட இடம் அது. தென்னேரி ஏரியை ஒரு சுவர் முழுக்க வரைந்து, முன்னால் கூழைக்கடாவையும் நத்தைக்குத்தி நாரையையும் பொம்மை செய்து நிறுத்தியிருப்பார்கள். மரநாய், உடும்பு, எறும்புத்தின்னி, குள்ளநரி எல்லாம் தனித்தனிக் கண்ணாடிக்குள்.

கட்டடம் முன்பு பட்டு நூல் கிடங்காக இருந்தது. பட்டு வைக்கும் இடம் என்பதால் திருடனுக்குப் பயந்து கட்டியிருக்கிறார்கள். ஜன்னல்கள் எல்லாம் கூரையை ஒட்டி, கையகலத்துக்கு. முன்பக்கம் ஒரே வாசல். பின்னால் ஒரு கதவு உண்டு, ஒரு காலத்தில் நூலைச் சாயப்பட்டறைக்கு எடுத்துப்போன வழி. அதற்கு முன்னால் பாலாற்று வரைபடப் பலகையை நிறுத்தி மறைத்துவிட்டார்கள். பூட்டின் சாவி என் இடுப்புக் கொத்தில் தொங்கியது. அந்தக் கதவு இருப்பது வருகிறவர்கள் யாருக்கும் தெரியாது. அக்கா மட்டும் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார். பலகைக்கு அடியில் குனிந்து பார்த்து, "கீழ வெளிச்சம் வருதே" என்றார்.

அவரை அங்கே கொண்டுவந்து விட்டவர் அவருடைய கணவர். வேன் வைத்திருந்தார். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிக்காட்டி, அப்படியே புடவைக் கடைக்குக் கூட்டிப்போவது தொழில். மனைவியை வீட்டில் தனியாக விட மனசு வராது. கோயிலில் விட்டாலோ கூட்டம், பக்கத்துக்கொரு வாசல். எங்கள் இடத்தில் ஒரே வாசல், எதிரிலேயே அவருக்கு வேண்டியவரின் டீக்கடை. அந்த டீக்கடைக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்திருப்பார். செருப்பைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்குகிற மாதிரி, அந்த மனிதர் மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு டிக்கெட்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். மூன்று மணி நேரம் கழித்து வந்து கூட்டிப்போவார்.

குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வரும்போது கோயில் இட்லி வாங்கிவந்து எனக்கும் ஒரு துண்டு தருவார். "எங்க ஊட்டுக்காரிக்கு இந்த மிருகங்கன்னா உசுருமா" என்பார். நானும் அதை நம்பினேன். நல்ல மனுஷன் என்று எங்கள் வாட்ச்மேனிடம் வேறு சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

நானும் வாட்ச்மேனும் அக்காவுக்குப் 'பின்வாசல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். "உங்க பின்வாசல் வந்துடுச்சு" என்பார் வாட்ச்மேன். நான் சிரிப்பேன்.

உள்ளே வந்தால் அக்காவின் போன் சும்மா இருக்காது. கோயில் மணி அடிக்கிற மாதிரி அழைப்பொலி வைத்திருந்தார், அதுவும் கணவர் வைத்துக் கொடுத்ததுதான். கால் மணிக்கு ஒரு தடவை வீடியோ அழைப்பு வரும். "எந்த பொம்மகிட்ட இருக்க?" என்று கேட்கும் அந்தக் குரல். அக்கா போனைத் திருப்பிக் காட்டுவார். "நரிகிட்ட. இதோ பாரு, நரி." அடுத்த முறை உடும்பு. அதற்கடுத்த முறை நாரை. உள்ளே ஒரு முறையும் காலெடுத்து வைக்காத அந்த மனிதருக்கு எங்கள் அருங்காட்சியகம் வரிசை மாறாமல் மனப்பாடம்.

மற்றவர்கள் மிருகங்களைப் பார்த்து எவ்வளவு எடை, கடிக்குமா, கறி சாப்பிடலாமா என்று கேட்பார்கள். அக்கா கேட்பது வேறு. தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்து, "கீழ ஒரே ஓட்ட. பாம்பு வந்து அங்க நின்னுக்கினா?" என்பார். மரநாய் ஓட்டு இடுக்கில் படுத்திருப்பதைப் பார்த்து, "இதுக்கு நாலு பக்கமும் வழிதான், மகராசி" என்பார். எறும்புத்தின்னியை மட்டும் அவருக்குப் பிடிக்காது. பந்துபோல் சுருண்டு கிடக்கும் அதன் முன்னால் நிற்கவேமாட்டார். "தன்னத்தானே உள்ள வெச்சுப் பூட்டிக்கினு கெடக்குது பாரு. இன்னா பொழப்பு இது" என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

அதிக நேரம் நின்றது வெள்ளெலி வளைக்கு முன்னால். வயலைக் குறுக்காக வெட்டிக் காட்டுகிற மாதிரி, மண் நிறத்தில் சுதையால் செய்த பெட்டி அது. மேலே நெல் தாள், கீழே வளை, வளைக்குள் அறை, அறையில் ஒரு வெள்ளெலி, பக்கத்தில் அது சேர்த்துவைத்த நெல்மணிகள்.

"இது தப்புமா" என்றார் ஒருநாள்.

"எது அக்கா?"

"இந்த எலி செத்துரும். ஒரு வாய்தான் வெச்சிருக்காங்க. எந்த வெள்ளெலியும் ஒரு வாயோட வளை போடாது. யாரு செஞ்சது இத?"

மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் செய்தார் என்றேன்.

"அதான பாத்தேன். அவரு எலி வெட்டினவரு இல்ல."

அக்காவின் அப்பா எலி வெட்டினவர். தென்னேரிப் பக்கம் ஊர். சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. அடுத்தவர் வயலில் அறுப்பு முடிந்ததும் மண்வெட்டியோடு எலி பிடிக்கப் போவாராம், பின்னாலேயே இந்த அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு.

"எங்கப்பா வாய மொதல்ல நோண்டமாட்டாரு. சுத்தி நடந்து காலால தட்டித் தட்டிப் பாப்பாரு. வெள்ளெலி உள்ளேர்ந்து இன்னொரு வழி தோண்டிக்கினு மேல வரும். வந்து, நாலு விரல் மண்ண அப்படியே உட்டுடும். தொறக்காது. வெளிய நிக்கறவனுக்கு வெறும் தரதான் தெரியும். ஆபத்துன்னா ஒரே முட்டு, ஓடிரும். அந்த எடத்துல மண்ணு மெத்துனு இருக்கும். எங்கப்பா அதக் கண்டுபுடிச்சு ஒரு கல்லத் தூக்கி மேல வெச்சுட்டுதான் இந்தப் பக்கம் வந்து வெட்டுவாரு."

கண்ணாடிமேல் விரலால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு சிரித்தார். "எங்க ஊட்டுக்காரரு எங்கப்பாகிட்ட வேல கத்துக்கினவரு மாதிரி. ஆதாரு, ரேசன் கார்டு, நான் படிச்ச சர்டிபிகேட்டு எல்லாம் வேன்ல வெச்சுப் பூட்டிக்கினு சுத்தறாரு. எந்தக் கல்ல எங்க வெக்கணும்னு அந்தாளுக்கு நல்லாத் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத்தான் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினேன்.

வளை தப்பாக இருக்கிறது என்று எங்கள் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். "எந்த ஸ்கூல் பிள்ள வந்து கேட்டுச்சு? விடும்மா" என்றார். அக்கா விடவில்லை. வாராவாரம் கேட்பார். "சொன்னியா? இன்னா சொன்னாரு?" ஒரு பொம்மை எலிக்காக ஒருவர் இப்படித் தவிப்பதை நான் கண்டதில்லை. அந்த வளை அப்படியே இருக்கிறவரை தனக்குத் தூக்கமே வராது என்றுகூட ஒருமுறை சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றார். கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் திரும்ப. எலியின் அறையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு வழி, சுண்டுவிரல் அகலத்துக்கு, அரை மணி நேரத்தில் குடைந்துவிட்டார். நடுவில் ஒருமுறை போன் அடித்தது. இடது கையால் எடுத்து, "எலிகிட்ட" என்று காட்டிவிட்டு வைத்தார்.

மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சந்தானே அக்கா? தொறந்துடுங்களேன்."

"ஐயோ, தொறக்கக் கூடாதுமா. தொறந்து உட்டா அது எல்லாருக்கும் வாசல். உள்ள இருக்கறதுக்கு மட்டுந்தான் தெரியணும்."

உதிர்ந்த சுதைத்தூளைப் புடவைத் தலைப்பில் துடைத்து எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த மாதம் என்னிடம் நேராகவே கேட்டார். கூடத்தில் யாரும் இல்லை. பலகைப் பக்கம் கண்ணைக் காட்டி, "அந்தக் கதவ ஒரே ஒரு அஞ்சு நிமிசம் தொறக்கறியாம்மா?" என்றார்.

என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது. புதுப்பிக்காமல் விட எங்கள் பொறுப்பாளருக்குக் காரணம்கூடத் தேவையில்லை. என் சம்பளத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. "சாவி என்கிட்ட இல்லியே அக்கா" என்றேன். இடுப்பில் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செரிம்மா. கேட்டுப் பாத்தேன், அவ்ளோதான்" என்று சிரித்தார்.

மூன்று வாரம் வரவில்லை. நாலாவது வாரம் வந்தபோது வலது மணிக்கட்டில் துணிக்கட்டு போட்டிருந்தார். "வேன் கதவுல மாட்டிக்கினா மா, கவனமே கெடையாது இவளுக்கு" என்று கணவர் இட்லித் துண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அதைத் தின்னவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை. உள்ளே போனதும் அக்கா, "கதவுதாம்மா. ஆனா அதுவா சாத்திக்கல" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுபோய் அந்தப் பின்கதவின் கீல்களுக்கு விட்டேன். பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளை மட்டும் போட்டுவைத்தேன். பலகையை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினேன். ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் பூட்டைக் கழற்றி ஞாயிறு சாயங்காலம் போடுவது என்று வைத்துக்கொண்டேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். அந்த மணிக்கட்டைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அக்கா வந்ததும் அவரோடு நடந்துபோய்ப் பலகை முன்னால் நின்றேன். குச்சியால் பாலாற்றைக் காட்டிக்கொண்டே சொன்னேன், "அக்கா, இந்த எடத்துல மண்ணு மெத்துனு இருக்குது."

அவர் என் கையை ஒருமுறை அழுத்தினார். உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

உடனே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த வாரமும் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. பலகை வரைக்கும் நடப்பார், திரும்பி வருவார். பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொள்வார். எனக்குக் கோபம்கூட வந்தது. நான் இங்கே வேலையைப் பணயம் வைத்துக்கொண்டு பூட்டைத் திறந்துவைக்கிறேன், இவருக்கு என்ன தயக்கம்? "எங்க போவீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "சின்ன வயசு சேத்தாளி ஒருத்தி இருக்கறா. ஊரச் சொல்லமாட்டேன். சொன்னா உனக்குத்தான் பாரம்" என்றார். "கால் வரமாட்டேங்குதும்மா. எட்டு வருசமா அவருக்குப் பின்னாலயே எறங்கி ஏறிப் பழகிடுச்சு." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார்.

ஆனால் எலி வளைப் பெட்டியின் அடியில், துணித் திரைக்குப் பின்னால், ஒரு பை இருந்தது. நான் பெருக்கும்போது பார்ப்பேன். புடவைக் கடைப் பை, நாலாக மடித்தது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டு வந்தது. ஒருமுறை மடித்த புடவை, ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்த காகிதங்கள். எப்படி எடுத்தாரோ! அதைத் தொடாமல் சுற்றிப் பெருக்கிவிட்டு வருவேன்.

அக்கா போன பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் போலீசுக்குப் போனார். பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பின்கதவு பூட்டியிருந்ததை வந்து பார்த்தார்கள். அந்த மனிதர் போலீசைக் கூப்பிடப் போன நேரத்தில் பூட்டியதே நான்தான். கூட்டத்தோடு கூட்டமாக முன்வாசல் வழியே போயிருப்பார் என்று முடிவு செய்தார்கள், டீக்கடைக்காரருக்குத்தான் வசவு விழுந்தது. அந்த வருடம் என் வேலையை மூன்று மாதம் இழுத்தடித்துப் புதுப்பித்தார்கள். அக்கா எங்கே இருக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு வருடம் ஆகிறது. கலியாண மண்டபத்துக்குப் போனால் நானும் இப்போதெல்லாம் இன்னொரு வாசலைத் தேடுகிறேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வந்ததும் எலி வளை முன்னால் போய் நின்றார். ஆரணியிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்துவிட்டது. அவர்களுக்கு டிக்கெட் கிழித்து, நாரையையும் கூழைக்கடாவையும் காட்டி, வாசல் வரை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் மிருகங்கள் மட்டும்தான் இருந்தன. பின்பக்கம் போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மேஜையில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கோயில் மணி அடித்தது. உள்ளேயிருந்து. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் வேன் வந்து நின்றது.

"இன்னாமா, போன் எடுக்கமாட்டேங்கறா? எங்க அவ?"

"உள்ளதாண்ணா. பாத்ரூம்ல இருப்பாங்க."

"போன் உள்ளதான் அடிக்குது?"

"ஆமாண்ணா, எனக்கே கேட்டுச்சே."

அவர் முகம் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் உள்ளே கால் வைத்துவிட்டார். பின்கதவுச் சந்திலிருந்து பெரிய ரோட்டுக்கு அக்கா பத்து நிமிடம் நடக்க வேண்டும். அப்புறம் ஷேர் ஆட்டோ கிடைக்க வேண்டும். நான் குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"வாங்கண்ணா. இத்தன நாளா வர்றீங்க, ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? அவங்க வர்றதுக்குள்ள நானே காட்டறேன்."

அவரும் ஊரைச் சுற்றிக்காட்டிப் பிழைக்கிறவர். விளக்கம் சொல்கிறவரை நடுவில் வெட்டிவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. தென்னேரியிலிருந்து தொடங்கினேன். கூழைக்கடாவின் அலகுப்பையைப் பற்றிச் சொன்னேன். நத்தைக்குத்தி நாரைக்கு அலகு ஏன் மூடுவதில்லை என்று சொன்னேன். வாழ்க்கையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. அவர், "இது நெசமாவே இவ்ளோ பெருசா? போன்ல சின்னதாத் தெரிஞ்சுது" என்றார். உடும்பிடம் வந்தபோது பொறுமை போய்விட்டது. கழிப்பறைப் பக்கம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மறுபடி அழுத்தினார்.

எலி வளைக்கு அடியில் மணி அடித்தது.

போய்த் துணித் திரையை விலக்கினார். பை இருந்த இடத்தில் போன் மட்டும் இருந்தது, வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தபடி. அதை எடுத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தார், இரண்டு கையிலும் இரண்டு போன். இரண்டு அடி தள்ளிப் பாலாற்றுப் பலகை. குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கண் எதிரே எலி வளை இருந்தது. வாயைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். சேர்த்துவைத்த நெல்லைப் பார்த்தார். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்து, சுண்டுவிரல் அகலத்துக்கு மேலே ஏறிப்போகும் அந்த வழியைத் தொட்டார்.

"இது எங்கமா போவுது?"

"எங்கியும் போவலண்ணா" என்றேன். "மேல பாருங்க, மூடிதான இருக்குது."